மெலிவு என்பது மெலிந்தது அல்ல

(திருப்பூரில் கலைக்குழுத் தோழர்களுக்காக நடந்த ஒருநாள் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து பண்பாட்டு அரசியல், மாற்றுக் கலை என்று பெரிய விஷயங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. நான் பேசப்போறது ஒரு பெட்டியைப் பற்றி. கிட்டாருக்குன்னு செஞ்ச ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் பேஸ் கிட்டாரைச் சொருகி மேடையில் வாசிக்கலாமா, வாசிச்சா என்ன ஆகும், வேற வழியில்லாதப்ப எப்படிச் சமாளிக்கிறது. இவ்வளவுதான் தலைப்பு. இதில் என்ன அரசியல் இருக்குன்னு சிரிக்கிற தோழர்கள் கடைசிவரைக்கும் கேட்டுட்டுச் சிரிங்க.

நான் இசைக் கல்லூரிக்குப் போனவன் இல்லை. பனியன் கம்பெனியில் 14 வருசம் பேட்லாக் அடிச்சவன். ஞாயிற்றுக்கிழமையில் கல்யாணக் கச்சேரி மெல்லிசைக் குழுவுக்கு ஒயர் சுருட்டப் போய், அங்கேயே பேஸ் கத்துக்கிட்டேன். இப்போ நம்ம குழுவில் வாசிக்கிறேன். ஆகவே இங்கே சொல்வதில் பாதி கை அறிந்தது. மீதி, கை அறிந்ததுக்குக் காரணம் தேடிப் படிச்சது.

முதலில் நம்ம நிலைமையைப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு தெருமுனை நிகழ்ச்சிக்கு நமக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு? காலை எட்டரைக்கு ஷிப்ட் ஏறினால், ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அடுப்பில் ஒரு கண்ணும் தெருவில் ஒரு கண்ணுமாகப் பெண்கள் வந்து நிற்கும்போது ஒன்பதாகிவிடும். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி பத்து மணிக்குப் பெட்டியை அணைக்கணும். மத, பண்பாட்டு விழாக்களுக்கு வருசத்தில் 15 நாளுக்கு மிகாமல் ராத்திரி 12 மணிவரை அரசு தளர்வு தரலாம் என்றும் அதில் இருக்கு. அந்தத் தளர்வு எங்கள் காலனித் தெருமுனைவரை நடந்து வந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆக, கையில் இருப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பெட்டி கிழிந்தால் ஆறு மாத ஒத்திகை கிழிஞ்சது.

எதிரே நிற்கிறது யாரு? நாள் முழுக்க ஓவர்லாக் சத்தத்தில் இருந்துவிட்டு வந்த காதுகள். இரைச்சலில் காது கெட ஆரம்பிக்கும்போது முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள். குழாய் ஸ்பீக்கர் வீச்வீச்சென்று கத்தினால் அவங்களுக்கு அது இன்னொரு மிஷின். பக்கத்து லைன் வீட்டில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளி நிற்கிறார். நம்ம பாட்டின் சொல் அவருக்குப் புரியாது. ஆனால் அடி புரியும். கீழே இருந்து வருகிற அதிர்வு காதைக் கேட்காமலே நெஞ்சுக்குப் போகும். பேஸ் எதுக்கு என்று கேட்கிறவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

இப்போ பெட்டிக்கு வருவோம்.

கிட்டாரில் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்குச் சுமார் 82 தடவை அதிரும். பேஸ் கிட்டாரில் மிகத் தாழ்ந்த தந்தி அதில் சரிபாதி, 41 தடவை. அந்த 41-இன் ஓர் அலை காற்றில் எவ்வளவு நீளம் தெரியுமா? எட்டு மீட்டருக்கு மேல், சுமார் 27 அடி. எங்கள் காலனியில் தெருவின் அகலம் அதில் பாதி இல்லை. இவ்வளவு பெரிய அலையைத் தள்ளுவதற்கு நிறையக் காற்றை நகர்த்தணும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் போய்வருவதுதான் காற்றைத் தள்ளுகிறது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, அதே சத்தம் வேணும்னா, கூம்பு நாலு மடங்கு தூரம் போய்வரணும். ஒரு மடங்கோ ரெண்டு மடங்கோ இல்லை, நாலு மடங்கு.

கிட்டார் ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவு தூரம் போகச் செய்யப்பட்டதல்ல. கொஞ்ச தூரம் போய் வெடுக்கென்று திரும்புவதற்காக விறைப்பாகச் செய்தது. கிட்டாரின் பளபளப்பே அந்த விறைப்பில்தான் இருக்கு. அதில் பேஸைச் சொருகிச் சத்தத்தை ஏற்றினால் கூம்பு எல்லை தாண்டிப் போய் இடிக்கும். முதலில் 'பர்ர்'ன்னு ஒரு கிழிசல் சத்தம் வரும். அப்புறம் உள்ளே காயில் கருகும் வாடை வரும். அப்புறம் ஒண்ணும் வராது. இதில் ஒரு தப்பெண்ணம் உண்டு. "பேஸ் போட்டா ஆம்ப்ளிஃபயர் எரிஞ்சிரும்" என்பார்கள். பெரும்பாலும் மின்சுற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடிபடுவது ஸ்பீக்கர்தான்.

அடுத்தது, கிட்டார் பெட்டிகள் பலதுக்கு முதுகு திறந்திருக்கும். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும். முன்பக்க அலையும் பின்பக்க அலையும் எதிரெதிர். உயர்ந்த ஒலியில் இது பெரிய பிரச்சனை இல்லை. தாழ்ந்த ஒலியில் பின்னால் வந்த அலை சுற்றி முன்னால் வந்து, முன் அலையைத் தின்றுவிடும். முழு பலத்தோடு வாசிக்கிறோம், ஒண்ணும் கேட்கலையேன்னு மேலும் ஏற்றுகிறோம். கூம்பு கிழிகிறது.

திடுமத்தை எடுத்துக்குங்க. நம்ம கொங்குப் பக்கத்துத் தாழ்ந்த குரல் அதுதான். அதுக்கு ஏன் பெட்டி வேண்டாம்? அதன் உடம்பே பெட்டி. வயிறு இருக்கு, தோல் அகலமா இருக்கு, அடிக்கிற ஆளோட மொத்த உடம்பும் பின்னால் நிற்குது. பேஸ் கிட்டார் ஒரு கட்டை. அதுக்கு வயிறு கிடையாது. இன்னொரு பெட்டியைக் கடன் வாங்கித்தான் அது பேசணும். கடன் கொடுக்கிற பெட்டி யாருக்காகச் செய்தது என்பதில்தான் விஷயம் இருக்கு.

பழந்தமிழ் இசையில் ஸ்தாயிகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர். கீழ் ஸ்தாயி மெலிவு, மேல் ஸ்தாயி வலிவு. தொண்டைக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். மின்சாரக் கணக்கில் தலைகீழ். அதிக வாட்ஸ், அதிகக் காற்று, அதிக இடம் கேட்பது மெலிவுதான். நம்ம காதும் தாழ்ந்த ஒலிக்குக் கொஞ்சம் மந்தம். பாட்டுக்கும் கிட்டாருக்கும் சமமாகக் கேட்கணும் என்றாலே பேஸுக்குப் பல மடங்கு சக்தி தரணும். 50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரு மடங்காகும் என்று நினைக்கிறோம். ஆகாது. காதுக்கு இரு மடங்காகத் தெரிய பத்து மடங்கு வாட்ஸ் வேணும். 1969-இல் அமெரிக்காவில் ஆம்பெக் கம்பெனி பேஸுக்கென்று எஸ்.வி.டி. என்ற ஆம்ப்ளிஃபயரை இறக்கியபோது அதன் பலம் 300 வாட்ஸ். அதோடு வைத்த பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு. அந்தக் காலத்தில் கிட்டார்காரர்களுக்கு 100 வாட்ஸே பெரிசு.

இந்தப் பெட்டிகளின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரசிஷன் பேஸ் என்ற கிட்டாரைக் கொண்டுவந்தார். ஆளுயரப் பழைய டபுள் பேஸை ஊர் ஊராகத் தூக்கித் திரிய முடியலை, கூட்டத்தில் அது கேட்கவும் இல்லை என்பதற்காக வந்த கருவி அது. அடுத்த வருசம், 1952-இல், அதற்கென்று பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயர் வந்தது. பேஸுக்காகவே செய்த பெட்டி. என்ன ஆச்சு? கிட்டார்காரர்கள் அதில் சொருகிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப் போனது, எடுத்துக்கிட்டாங்க. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் அந்த பேஸ்மேன் மின்சுற்றைப் பார்த்துச் செய்ததுதான். பேஸுக்கென்று செய்த பெட்டி கிட்டாருக்குப் போனால் அது புதுசா ஒரு ராக் இசை. கிட்டாருக்குச் செய்த பெட்டிக்கு பேஸ் போனால் கிழிசல். மேலே இருப்பவன் கீழே இறங்கி எடுத்துக்கலாம், கீழே இருப்பவன் மேலே போனால் உடையும். இதுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வேற பெட்டி இல்லை. மேடை ஏறியாச்சு. என்ன செய்யணும்? நோட்டு வச்சிருக்கிறவங்க எழுதிக்குங்க.

ஒண்ணு. சொருகுவதற்கு முன்னால் பெட்டியின் முதுகைப் பாருங்க. மூடிய முதுகா இருந்தா நல்லது. திறந்த முதுகா இருந்தா அதிகம் எதிர்பார்க்காதீங்க. பெட்டியை நாற்காலி மேல் ஏற்றாமல் தரையில், சுவர் ஓரமாக, முடிந்தால் மூலையில் வையுங்க. தரையும் சுவரும் தாழ்ந்த ஒலிக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். மெல்லிசைக் குழுவிடம் கீபோர்டு ஆம்ப்ளிஃபயர் இருந்தா கிட்டார் பெட்டியை விட்டுட்டு அதைக் கேளுங்க. கீபோர்டு கீழிருந்து மேல்வரை எல்லா ஒலியும் தரும் என்பதால் அந்தப் பெட்டி அகலமான ஒலிக்காகச் செய்தது.

ரெண்டு. பேஸ் குமிழைக் கூட்டாதீங்க, குறையுங்க. பேஸ் வாசிக்கப்போய் பேஸ் குமிழைக் குறைக்கவான்னு கேட்பீங்க. ஆமாம், பாதிக்குக் கீழே கொண்டுவாங்க. நடு ஒலியைக் கூட்டுங்க. காரணம் சொல்றேன். தந்தி 41-இல் அதிரும்போது அது மட்டும் வருவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். அடி ஒலி வராமல் மடங்குகள் மட்டும் வந்தாலும், அடி ஒலி இருப்பதாகவே நம்ம காது கட்டிக்கொள்ளும். இது நிரூபிக்கப்பட்ட விஷயம். நம்ம எல்லோருக்கும் அனுபவமும் கூட. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முழுக்கப் பாடும் சின்ன டேப்பில் இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்தவங்க நாம். அந்த உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு 41-ம் தெரியாது, 60-ம் தெரியாது. ஆனாலும் அவருடைய குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்த சசிதரனின் விரல் ஓட்டத்தை நாம் வாயால் பாடிக்கொண்டே கைமடி மடிச்சோம். மடங்குகள் வந்தன, அடியைக் காது நிரப்பிக்கொண்டது. ஆகவே கிட்டார் பெட்டியால் முடியாததை அதனிடம் கேட்காதீங்க. முடிந்ததைச் சுத்தமாக வாங்குங்க. கூம்பு பிழைக்கும், பாட்டும் கேட்கும்.

மூணு. கிளீன் சேனல் மட்டும். டிஸ்டார்ஷன், பூஸ்ட் எல்லாம் அணைச்சு வையுங்க. 'பர்ர்' சத்தம் ஆரம்பிச்ச நொடியில் குறையுங்க. பாட்டு முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

நாலு. வாசிப்பை மாற்றுங்க. மிகத் தாழ்ந்த தந்தியை விட்டு அடுத்த தந்திகளுக்கு வாங்க. முடிந்த இடத்தில் ஒரு ஸ்தாயி மேலே வாசிங்க. நீட்டி இழுக்காமல் வெட்டி வெட்டி வாசிங்க. பெருவிரலால் தந்தியை அறைகிற வாசிப்பு அன்றைக்கு வேண்டாம். பறை ஐந்து நின்றால் எந்த 50 வாட்ஸ் பெட்டியும் தோற்கும். போட்டி போட்டு ஏற்றுவதால்தான் பாதிப் பெட்டிகள் சாகின்றன. பறை பேசும்போது விடுங்க, அது மூச்சு வாங்குகிற இடத்தில் வாசிங்க. காய்ச்சி விறைத்த தோலின் சொடுக்கு மேலே நிற்கும், பேஸ் கீழே நிற்கும். ரெண்டுக்கும் இடம் இருக்கு.

ஐந்து. இதுதான் முக்கியம். டி.ஐ. பெட்டி. கை அகலம் இருக்கும். பேஸை அதில் சொருகினால் இரண்டாகப் பிரித்துத் தரும். ஒன்று உங்க பக்கத்தில் இருக்கும் கிட்டார் பெட்டிக்கு, நீங்க கேட்டுக்கொள்வதற்கு மட்டும். இன்னொன்று நேராக மிக்சருக்கு. மிக்சரிலிருந்து 15 அங்குல, 18 அங்குலப் பெரிய பெட்டிக்குப் போகும். கூட்டத்துக்குக் கேட்பது அது. மிக்சரில் 80 என்றோ 100 என்றோ போட்டு ஒரு லோ-கட் பொத்தான் இருக்கும். பாடகர் மைக்கில் அதை அமுக்குங்க, பேஸ் சேனலில் எடுத்துவிடுங்க. டி.ஐ. இல்லை, ஆம்ப்ளிஃபயரில் லைன்-அவுட் இருக்கு என்றால் அதைப் பயன்படுத்தலாம். ஸ்பீக்கருக்குப் போகும் துளையிலிருந்து ஒயர் எடுத்து மிக்சரில் மட்டும் சொருகாதீங்க, மிக்சர் போயிரும்.

ஆறு. எர்த். கம்பத்திலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் கரண்ட் எடுக்கிறோம். பெட்டியில் 'ஹ்ம்ம்'ன்னு இரைச்சல் வந்தா எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகச் சொல்வார்கள். கேட்காதீங்க. ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் இருக்கும்போது அந்த உடைந்த பின்தான் உயிரை எடுக்கும். ஆம்ப்ளிஃபயருக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்க. இரைச்சல் பெரும்பாலும் அதிலேயே குறையும்.

தொழில் பாடம் முடிஞ்சது. இப்போ, இவ்வளவு பாடு எதுக்கு என்ற கேள்வி.

நம்ம குழுவிலேயே ஒரு தோழர் கேட்டார். "பறை இருக்கு. பேஸ் மேல்நாட்டுச் சாமான். அந்தக் காசுக்கு நூறு புத்தகம் போடலாம்." நியாயமான கேள்வி. இதே கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்டவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்று நாம் அறிந்தவர், 2005-இல் மறைந்தார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, கர்நாடக இசைக்கும் மேல்நாட்டுக் கீதங்களுக்கும் பதிலாக நாட்டார் இசையை எடுத்தார். அவர் வாதம் எளிது. காசு செலவில்லாமல் எவரும் எடுத்துப் பாடலாம், தன் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், மக்களே திரும்பத் திரும்பப் படைக்கலாம். அப்படிப்பட்ட இசைதான் விடுதலைக்கு உதவும் என்றார். சாவுக்கு அடிக்கச் சொல்லி நம்ம மேல் சுமத்திய பறையை, அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்த கைகளே 1990-களில் தலித் கலை விழாக்களில் தன்மானத்தோடு எடுத்ததும் அந்தப் பாதையில்தான். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தத் தூரம் சும்மா கடந்ததல்ல.

நான் அப்பாவு சொன்னதை மறுக்கவில்லை. பெட்டி வந்து பாட்டைக் காசுக்காரன் கையில் கொடுத்துவிடும் என்ற பயம் சரியான பயம். ஆனால் பதில் பெட்டியை விட்டு ஓடுவதா, பெட்டியை நம்ம கைக்குக் கொண்டுவருவதா? இரண்டு ஊர்களைச் சொல்றேன்.

முதல் ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட். கார் கம்பெனி ஊர். நம்ம ஊர் பனியனுக்கு எப்படியோ, அந்த ஊர் காருக்கு. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடிப் போய்க் குடியேறிய ஊர். கார் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்ற பெர்ரி கோர்டி என்பவர் 1959-இல் தொடங்கியது மோட்டவுன் இசைக் கம்பெனி. அதன் பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையில் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். மேடையில் ஆம்பெக் பேஸ் பெட்டி. ஸ்டுடியோவில் பெட்டியே இல்லாமல் நேராக மிக்சரில் சொருகி வாசித்தார். நான் ஐந்தாவதாகச் சொன்ன வழி புதுசில்லை, பார்த்துக்குங்க. உலகமே ஆடிய பாட்டுகள் அவை. ஆனால் மோட்டவுனின் பெரிய தட்டு ஒன்றில் அவர் பெயர் அச்சானது 1971-இல், மார்வின் கே தட்டில்தான். அதுவரை பாடகர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், அடியில் தாங்கியவர் பெயர் இருக்காது. நாம் தைக்கிற பனியனில் லேபிள் யாருடையது? நம்ம கழுத்துப் பட்டையை நாமே தைத்து, அதில் இன்னொருத்தன் பெயரைத் தைக்கிறோம். பேஸ் வாசிப்பவனுக்கு இது புதுசில்லை.

இரண்டாவது ஊர் ஜமைக்காவின் கிங்ஸ்டன். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மக்கள். 1950-களில் பெரிய ஹோட்டல் நடன அரங்குகள் அவங்களுக்கு எட்டாது. என்ன செய்தார்கள்? ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர்களை வைத்து, அலமாரி மாதிரி பெரிய பெட்டிகளைத் தாங்களே அடித்தார்கள். தெருவில் நிறுத்தினார்கள். சவுண்ட் சிஸ்டம் என்று பேர். பேஸ் அந்தப் பெட்டியில் அடிவயிற்றிலிருந்து வந்தது. பெட்டி அப்படி இருந்ததால் இசையும் அப்படி மாறியது. ரெகேயில் பேஸ்தான் பாட்டையே பாடுகிறது. பாப் மார்லியோடு பேஸ் வாசித்த ஆஸ்டன் பாரெட் 2024-இல் மறைந்தார். வெல்டிங் வேலை செய்தவர். தன் முதல் பேஸைப் பலகையும் திரைச்சீலைக் கம்பியும் வைத்துத் தானே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். யாரும் அவங்களுக்குப் பெட்டி கொடுக்கவில்லை. செய்துகொண்டார்கள்.

நம்ம நாட்டிலும் நடந்திருக்கு. 2018 ஜனவரி 6-இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், இசையமைப்பாளர் டென்மா முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதலில் மேடையேறியது. 19 பேர். சாதி பேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசர் முன்வைத்த சொல்லிலிருந்து பெயர். கானாவும் ராக்கும் ராப்பும், பறையும் சட்டியும் டிரம்ஸும் கிட்டாரும் பேஸும் ஒரே மேடையில். பதிவுகள் இருக்கு, கேளுங்க. பறையை அலங்காரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் வேற இசை ஓடும் வேலை அங்கே இல்லை. நம்ம திருப்பூர்க் குழுக்களுக்கு இல்லாதது திறமை இல்லை. அந்த மேடைக்கு இருந்த மாதிரிப் பெட்டியும், பெட்டியை அறிந்த ஆளும்.

நம்ம ஊர் அனுபவம் ஒன்று. ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம். ஒரு ரேடியோ செட் கடையில் நிகழ்ச்சிக்கு முன்பணம் கட்டியாச்சு. "எந்த இடத்துலங்க தம்பி?" என்றார். காலனி என்றோம். "பேஸ் பெட்டி கோயில் விசேசத்துக்குப் போயிருக்குதுங்க. ரெண்டு குழாயும் ஒரு கிட்டார் பெட்டியும் தர்றேன், சமாளிச்சுக்கோங்க." பெட்டி அவர் முதுகுக்குப் பின்னாலேயே தார்ப்பாய் போட்டு நின்றிருந்தது. வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கிட்டார் பெட்டியில்தான் வாசித்தோம். இப்போ சொன்ன ஆறு விஷயத்தில் டி.ஐ. தவிர எல்லாம் செய்தோம். பெட்டி கிழியவில்லை, நிகழ்ச்சியும் நின்றது. ஆனால் முன்வரிசை தாண்டி பேஸ் போகவில்லை. பின்னால் சுவரோரம் பாத்திரத்தோடு நின்ற அக்காக்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

முன்னெல்லாம் நேரா 'தர முடியாது'ம்பாங்க. இப்போ யாரும் அப்படிச் சொல்வதில்லை. தனிக் குவளை என்று யாரும் வாயால் சொல்வதில்லை, பேப்பர் கப்பில் தர்றாங்க. அது மாதிரிதான். பெட்டி தர்றாங்க, எந்தப் பெட்டி என்பதில் வைக்கிறாங்க. குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்கானது. முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒண்ணும் வராது. நம்ம இயக்கக் கூட்டங்களுக்கு இத்தனை காலம் கிடைத்தது பேச்சுக்கான பெட்டிதான். நாமும் பேசிக்கிட்டே இருந்துட்டோம்.

அதனால்தான் சொல்றேன். கிட்டார் பெட்டியில் பேஸ் வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்க. அது கைத்தொழில், அவசரத்துக்கு உதவும். ஆனால் 'சமாளிச்சுக்கோ' என்பதை நம்ம இசையின் விதியாக ஏற்றுக்கொள்ளாதீங்க. சமாளிப்பதில் கெட்டிக்காரங்கன்னு பேர் வாங்கித்தான் நாம் இவ்வளவு காலம் குறைந்த கூலியில் இருந்தோம்.

மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விவாதிங்க.

முதலாவது, ஒவ்வொரு குழுவும் ஒரு டி.ஐ. பெட்டி வாங்கணும். பெரிய செலவில்லை, எல்லோரும் ஒரு நாள் ஓவர்டைம் காசைப் போட்டால் போதும்.

இரண்டாவது, இங்கே வந்திருக்கிற குழுக்கள் சேர்ந்து பொதுவில் ஒரே ஒரு பேஸ் பெட்டி. 15 அங்குல ஸ்பீக்கர், மூடிய பெட்டி, அதுக்குத் தகுந்த ஆம்ப்ளிஃபயர். பெட்டியை நம்ம தச்சுத் தோழர்களே அடிக்கலாம். அளவும் காற்றுத் துளையும் ஸ்பீக்கர் கம்பெனி தரும் கணக்குப்படி இருக்கணும், கண்ணளவில் அடிக்கக் கூடாது. ஓம்ஸ் பொருந்துதான்னு பார்த்துத்தான் இணைக்கணும். எந்த வாரம் எந்தக் குழுவுக்கு என்று ஒரு நோட்டுப் போடுவோம். நூறு புத்தகமா பெட்டியா என்று கேட்ட தோழருக்கு: புத்தக மேசைக்கு ஆட்களைக் கூட்டி வருவது இந்தப் பெட்டியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, மிக்சரில் உட்கார ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பெண் தோழர். நம்ம குழுக்களில் பெண்கள் பாடுறாங்க, ஆடுறாங்க. ஒயரைத் தொடுவது ஆண்கள் மட்டும். இருட்டில் ஓவர்லாக் மிஷினுக்கு நாலு நூல் கோர்க்கிற கைக்கு மிக்சர் ஒயர் கோர்ப்பது பெரிய வித்தையா?

பேசியது போதும். மூலையில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். ஒன்று முதுகு திறந்த கிட்டார் பெட்டி, ஒன்று மூடியது. ஒரே தந்தியை ரெண்டிலும் வாசிக்கிறேன். ஐந்து பேர் கதவுப் பக்கம் போய் நில்லுங்க, ரெண்டு பேர் பெட்டியின் மேல் கை வையுங்க. முதலில் பெண் தோழர்கள் வாங்க. யாராவது ஸ்குரூ டிரைவர் எடுங்க, பின்பலகையைக் கழற்றுவோம்.